கோல்ப் மைதானங்களின் பூர்வீகம்

அண்மையில் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பாடசாலைக் கால நண்பர் ஒருவர் என்னிடம் எதிர்பாராத கேள்வியொன்றைக் கேட்டார். "ஓய்வு பெற்ற பிறகு கோல்ப் பழகியிருக்கிறேன். பத்து நாட்கள்தான் கையில் இருக்கின்றன. இலங்கையில் எந்த மைதானங்களுக்குப் போகலாம்?"

நீண்ட காலம் பத்திரிகைத்துறையில் இருந்த எனக்கு கோல்ப் மட்டையைச் சரியாகப் பிடிக்கவும் தெரியாது. ஆனால், செய்தி தேடிப் போனவன் என்ற வகையில் அந்த மைதானங்களின் பூர்வீகம் ஓரளவு தெரியும். விளையாடச் செல்பவர் தான் கால் பதிக்கும் நிலத்தின் கதையையும் அறிந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். அவருக்குக் கூறியவற்றையே இங்கு பதிவு செய்கிறேன்.

கொழும்பில் கோல்ப் கழகம் 1879 இல் ஆரம்பிக்கப்பட்டது. அன்று அவர்கள் விளையாடிய இடம் காலிமுகத்திடல்! நகரத்துப் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்குவதற்கென ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1859 இல் நடைபாதை அமைத்து முடித்த அதே திடல்தான். பின்னர் 1896 இல் கழகம் பொரளைக்கு இடம்பெயர்ந்தது. அன்றைய ஆளுநர் சேர் வெஸ்ட் ரிஜ்வேயின் பெயரே புதிய மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. 1928 இல் 'றோயல்' என்ற அடைமொழியும் கிடைத்தது. களனிவெளிப் புகையிரதப் பாதை இந்த மைதானத்தை ஊடறுத்துச் செல்கிறது. அலுவலகம் செல்லும் மக்களால் நிரம்பி வழியும் பெட்டிகள் கடந்து போகும்வரை, மட்டையும் கையுமாக ஆட்டக்காரர்கள் காத்து நிற்பதைக் காணலாம். இலங்கைச் சமூகத்தை ஒரே பார்வையில் காட்டும் காட்சி அது.

இரண்டாவது, நுவரெலியா. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். அவர்களுள் கணிசமானோர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். கோல்ப் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். 1885 இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. நான்கே ஆண்டுகளில், 1889 இல், நுவரெலியாவில் கோல்ப் கழகம் தோன்றியது. இதனைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. தேயிலையைக் கீழே கொண்டு செல்வதற்காகப் போட்ட பாதை, துரைமாரின் பொழுதுபோக்கை மேலே கொண்டு வந்தது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பந்து வழமையைவிடச் சற்றுத் தொலைவு செல்லும். ஆனால், பந்தை உள்ளபடி வழிநடத்துபவர்கள் அங்குள்ள கெடிமார்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏப்ரல் மாதப் போட்டியொன்றுக்குச் செய்தியாளனாகச் சென்றிருந்தேன். பை சுமந்து வந்த நடுத்தர வயதுத் தமிழர் ஒருவர், "பந்து மலைப் பக்கமிருந்து விலகி வாவிப் பக்கம்தான் உருளும் ஐயா, கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியும், நம்பிவிடக் கூடாது" என்றார். அவருடைய தாயார் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அந்தப் புல்தரையின் ஒவ்வொரு சரிவையும் மனப்பாடமாக அறிந்திருந்த அம்மனிதருக்கு அப்போது பிரஜாவுரிமை இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவரது குடும்பத்தையும் நாடற்றவர்களாக்கியிருந்தது. அவ்வாறு எஞ்சியிருந்த மலையக மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று நான் எழுதி அனுப்பியது வெற்றி பெற்றவரின் பெயரை மட்டுமே. இன்றும் என் மனதை உறுத்தும் செய்தி அது.

மூன்றாவது, கண்டிக்கு அருகே ரஜவெல்லையில் உள்ள விக்டோரியா மைதானம். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது, 1999 இல் திறக்கப்பட்டது. நாட்டிலேயே அழகிய மைதானம் இதுதான் என்று சொல்வோர் பலர். கீழே விரிந்து கிடக்கும் நீர்த்தேக்கம் 1985 இல் திறந்துவைக்கப்பட்ட மகாவலித் திட்டத்தின் பகுதி. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் உறங்குகிறது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு.

நிலம் யாருக்கு என்ற கேள்வி கோல்ப்பை விட்டு ஒருபோதும் விலகியதில்லை. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென 1984 இல் சுவீகரிக்கப்பட்ட சதுப்பு நிலம் பின்னாளில் தனியார் கோல்ப் மைதானமாயிற்று. 'வோட்டர்ஸ் எட்ஜ்' வழக்கு என்று அறியப்பட்ட அவ்விவகாரத்தில், 2008 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிலத்தை அரசிடம் திருப்பி ஒப்படைக்க உத்தரவிட்டது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்து மக்களின் நம்பிக்கைப் பொறுப்பு என்ற கோட்பாட்டை உறுதிப்படுத்திய தீர்ப்பு அது.

இவை தவிர, அம்பாந்தோட்டையில் 2016 இல் திறக்கப்பட்ட கடலோர விடுதி மைதானமும், திருகோணமலை சீனக்குடாவில் விமானப் படையினர் நடத்தும் மைதானமும் உள்ளன.

நண்பருக்கு நான் சொன்ன நடைமுறை ஆலோசனை சுருக்கமானது. கொழும்பு, நுவரெலியா, அம்பாந்தோட்டை ஆகியவற்றுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை உகந்தது. திருகோணமலைக்கு மே முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரலில் நுவரெலியா சனத்திரளால் திணறும். பத்து நாட்களில் ஐந்து மைதானங்களையும் துரத்த வேண்டாம், இரண்டே போதும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எங்கு போனாலும் உள்ளூர்க் கெடி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அவர் பொரளையையும் நுவரெலியாவையும் தெரிவு செய்தார். திரும்பிச் செல்வதற்கு முதல்நாள் தொலைபேசியில் அழைத்தபோது, எத்தனை அடிகளில் ஆட்டத்தை முடித்தார் என்பதைச் சொல்லவில்லை. தனக்குக் கெடியாக வந்த இளைஞரின் குடும்பக் கதையை அரை மணி நேரம் சொன்னார். எண்பதுகளில் நான் கேட்டு எழுதியிருக்க வேண்டிய கதையும் ஏறக்குறைய அதுதான்.