அடையாறில் கறுப்பு வெள்ளைப் பிலிம்

அடையாறில் கறுப்பு வெள்ளைப் பிலிமைத் தேர்வதும் கழுவுவதும் ஊரின் வெயிலுக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் கட்டுப்பட்ட வேலைகள். இதை முறையாகக் கற்பித்த இடம் அடையாறு திரைப்படக் கல்லூரி. 1945இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அது, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்குகிறது. அங்கே படித்த சி. ருத்ரய்யா, வண்ணப்படங்கள் பெருகிவிட்ட 1978இல் ‘அவள் அப்படித்தான்’ படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். நல்லுசாமியும் ஞானசேகரனும் அதன் ஒளிப்பதிவில் நிழலுக்குக் கொடுத்த இடத்தை ஒளிப்படம் பழகுவோர் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

எலியட்ஸ் கடற்கரையின் நண்பகலுக்கு ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 125 பிலிம் போதும். உச்சி வெயிலில் கண்குழிகள் கரிந்துவிடும் என்பதால், ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்து, டெவலப் செய்யும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது நல்லது. பிரம்மஞான சபையின் ஆலமரத்தடிக்கு 400 வேண்டும். தாய்மரம் 1989இல் சாய்ந்த பிறகும் விழுதுகளின் நிழல் அடர்த்தியானதே. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் பிரிண்ட் தாளும் தயாரித்தது. அது மூடப்பட்டது பெரிய இழப்பு. இன்று வாங்குவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

கழுவுவதில்தான் சென்னை சோதிக்கிறது. கோடாக் 1927இல் வெளியிட்ட டி-76 டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாம்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும்; சல்ஃபைட் நிறைந்த நீரில் அது லேசில் கரையாது. அட்டவணைகள் சொல்லும் வெப்பநிலை 20 டிகிரி. மே மாதக் குழாய்த் தண்ணீரோ 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் ஊதி இளகும், கீறல் விழும், ஓரம் உரியும். பாட்டிலை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் குளிர்விக்கலாம். ஐஸை மருந்துக்குள்ளேயே போட்டால் அது நீர்த்துவிடும். 24 டிகிரியில் வேலை செய்வது இன்னும் எளிது. டிகிரிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். மொத்த நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். அப்போது டி-76ஐச் சம அளவு நீரில் கலந்தால் நேரம் நீளும். டெவலப்பர், ஃபிக்சர், அலசும் நீர் மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். ஃபிக்சரில் படிகாரம் சேர்ந்தால் ஜெலட்டின் இறுகும்.

கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே உகந்தது. உப்பேறிய ஆழ்குழாய் நீர் காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் படியும். கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமென்பதால் காய்ந்த நெகட்டிவ்களைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைப்பது வழக்கம்.