தொலை எதிர்காலப் புனைகதை

பல லட்சம், பல கோடி ஆண்டுகளுக்குப் பின் மனித இனம் என்னவாகும், உடலோடு அதன் உள்ளமும் எந்த நிலையை எட்டும் என்று எண்ணிப் பார்க்கும் அறிவியல் புனைவு வகை. எச். ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’ (1895) இதற்கு வழி திறந்தது. ஆனால் அதன் பயணி கி.பி. 802701-இல் காண்பது சரிவைத்தான். உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1927-இல் வெளியிட்ட ‘கடைசித் தீர்ப்பு’ மனிதரை வெள்ளிக் கோளுக்குக் குடிபெயர்த்தது.

இவ்வகையின் சிகரம் ஓலாஃப் ஸ்டேபிள்டன் (1886–1950). முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாமல் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். லிவர்பூலில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1930-இல் வந்த இவரது ‘கடைசி மனிதரும் முதல் மனிதரும்’ 200 கோடி ஆண்டுகளில் 18 மனித இனங்கள் தோன்றி மறைவதைச் சொல்கிறது. நாம் முதல் இனம். இதில் தனி மனிதர் எவரும் நாயகர் அல்லர். வளர்ச்சியும் நேர்கோட்டில் செல்வதில்லை. ஐந்தாம் மனிதர்கள் அதுவரை தோன்றிய இனங்களிலேயே உள்ளம் பக்குவப்பட்டவர்கள். நிலா பூமியை நெருங்கிவர, பிழைப்பதற்காக வெள்ளிக்குச் செல்கிறார்கள். அங்கே கடலில் வாழ்ந்த அறிவுள்ள உயிர்களை அழித்துவிட்டே குடியேறுகிறார்கள். அந்தக் குற்ற உணர்வு அவர்களை உருக்குலைக்கிறது. அறிவு முதிர்ந்தவர்களும் இதைச் செய்வார்கள் என்று எழுதத் துணிந்ததே நூலின் பெருமை. நெப்டியூனில் வாழும் பதினெட்டாம் மனிதர்கள் ஒரே மனமாக ஒன்றுகூட வல்லவர்கள். சூரியனால் அழிவு உறுதியானதும், உயிரின் வித்துகளை விண்வெளியில் தூவும் வேலையில் இறங்குகிறார்கள்.

ஸ்டேபிள்டனின் ‘விண்மீன் படைப்போன்’ (1937) இந்த மனித வரலாறு முழுவதையும் பேரண்டத்தின் சிறு துணுக்காக்கியது. அதில் தேடிக் காணப்படும் படைப்பாளி, அன்பே வடிவான கடவுள் அல்லர். அண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துபார்க்கும் கலைஞர். இந்த நூலில் கிடைத்த கருவைக் கொண்டுதான், விண்மீனின் ஆற்றலைச் சுற்றிவளைத்துப் பயன்படுத்தும் அமைப்புகளைப் பற்றி இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1960-இல் எழுதினார்.

எதிர்ப்பும் இருந்தது. ஸ்டேபிள்டனின் கற்பனையை வியந்த எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், அவர் தத்துவத்தை ஏற்கவில்லை. கோள்களைக் கைப்பற்றும் ஆசைக்கு மறுப்பாகவே ‘மௌனக் கோளிலிருந்து’ (1938) நாவலை எழுதினார். மறுபுறம், இங்கிலாந்தின் மைன்ஹெட் நூலகத்தில் சிறுவனாக ஸ்டேபிள்டனைப் படித்து ஈர்க்கப்பட்டவர், பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க். அவரது ‘குழந்தைப் பருவத்தின் முடிவு’ (1953) நாவலில் மனிதக் குழந்தைகள் பேரண்டப் பெருமனத்தில் கலந்துவிடுகிறார்கள், பெற்றோர் பின்தங்கிவிடுகிறார்கள்.

ஸ்டேபிள்டனின் 1930-ஆம் ஆண்டு நூலை இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சன் படமாக்கினார். அவர் மறைவுக்குப் பின் 2020-இல் திரையிடப்பட்ட அப்படத்தில் முன்னாள் யூகோஸ்லாவியாவின் கான்கிரீட் நினைவுச் சின்னங்களும் நடிகை டில்டா ஸ்விண்டனின் குரலுமே முன்நிற்கின்றன. கடைசி மனிதருக்கு முகம் கொடுக்காமல் விட்டது மிகச் சரியான முடிவு.