குழந்தைகளின் முதுகுத்தண்டு வளைவு: அறுவைச் சிகிச்சை யாருக்கு, எப்போது?

கோலார் தங்கவயல்: வளரும் பிள்ளைகளின் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகிறது. ஒரு தோள் உயர்ந்து நிற்பது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிவது ஆகியவையே முதல் அடையாளங்கள். வலி இல்லாததால் பல குடும்பங்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. ஆனால் எலும்பு வளர்ச்சி முடிவதற்குள் வளைவு கண்டறியப்படுகிறதா என்பதைப் பொறுத்தே, கச்சை அணிந்தால் போதுமா, அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்பது பல நேரங்களில் முடிவாகிறது.

தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நிறுவன மருத்துவமனையை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் அதன் பின்னர் சிறப்புச் சிகிச்சைக்குக் கோலார், பெங்களூரு, வேலூர் ஆகிய ஊர்களுக்குச் செல்ல வேண்டியுள்ளது. எனவே, எந்த அறிகுறிக்கு எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்பதை இக்குடும்பங்கள் முன்பே அறிந்திருப்பது அவசியமாகிறது.

வளைவின் வகைகள்

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, அத்துடன் முறுக்கிக்கொள்வது ஸ்கோலியோசிஸ் எனப்படுகிறது. முன்னோக்கி மிகையாக வளைவது கைஃபோசிஸ். வழக்கில் இதையே கூன் என்கிறோம்.

ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினருக்குக் காரணம் இன்னதென்று கண்டறிய முடிவதில்லை. இவ்வகை 10 வயதுக்குப் பின்னரே அதிகம் தென்படுகிறது. வளரிளம் பருவத்தினரில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இது உண்டு. வளைவு பெரிதாகும் நிலை சிறுமியரிடமே மிகுதி. கனமான புத்தகப் பையோ, தவறாக உட்காரும் பழக்கமோ இதற்குக் காரணமல்ல.

கருவிலேயே முதுகெலும்புகள் சரியாக உருவாகாததால் பிறவி வளைவு ஏற்படுகிறது. இக்குழந்தைகளுக்கு இதயத்திலும் சிறுநீரகத்திலும் குறைகள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றுக்கான பரிசோதனையும் செய்யப்படுகிறது. மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, இளம்பிள்ளைவாதம் போன்ற நோய்களாலும் முதுகு வளையும். இந்தியச் சூழலில் இவற்றுடன் சேர்த்துக் கருத வேண்டிய மற்றொரு காரணம் முதுகெலும்புக் காசநோய்.

அளவும் முடிவும்

எக்ஸ்ரே படத்தில் வளைவை அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-இல் விளக்கினார். அவர் பெயரால் 'காப் கோணம்' என வழங்கும் அந்த அளவே இன்றும் சிகிச்சைக்கு அடிப்படை. கோணம் 10 டிகிரியை எட்டினால் அது ஸ்கோலியோசிஸ். 25 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், வளர்ச்சி முடியும்வரை சில மாத இடைவெளியில் கண்காணித்தால் போதும். 25 முதல் 40 டிகிரி வரை உள்ள, இன்னும் வளரும் பிள்ளைகளுக்குக் கச்சை பரிந்துரைக்கப்படுகிறது. 45 முதல் 50 டிகிரியைத் தாண்டினால் அறுவைச் சிகிச்சை பற்றி ஆலோசிக்கப்படுகிறது. இந்த அளவைக் கடந்த வளைவு, வளர்ச்சி நின்ற பின்னரும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கூடும் தன்மை உடையது.

கச்சையின் பயனை 2013-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று உறுதிசெய்தது. கச்சை அணிந்தவர்களில் 72 சதவீதத்தினரின் வளைவு, வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியை எட்டவில்லை. அணியாதவர்களில் இது 48 சதவீதமாக இருந்தது. அணியும் நேரம் கூடக்கூடப் பலனும் கூடியது. உடற்பயிற்சி தசைகளுக்கு நல்லது. ஆனால் பெரிய வளைவை மசாஜும் எண்ணெய்க் கட்டும் நிமிர்த்திவிட மாட்டா. அவற்றில் கழியும் மாதங்கள், கச்சைக்கு உரிய காலத்தையே வீணாக்குகின்றன.

அறுவைச் சிகிச்சையில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், இளம்பிள்ளைவாதத்தால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காகப் பால் ஹாரிங்டன் உருவாக்கிய உலோகக் கம்பி 1960களில் உலகெங்கும் பரவியது. அக்காலத்தில் அறுவைக்குப் பின் பல மாதங்கள் மாவுக்கட்டில் கிடக்க வேண்டியிருந்தது. இன்று நிலைமை வேறு. முதுகின் பின்புறம் திறந்து, முதுகெலும்புகளில் திருகுகள் பொருத்தப்படுகின்றன. அவற்றை இருபுறமும் கம்பிகளால் இணைத்து, வளைவும் முறுக்கும் இயன்றவரை சரிசெய்யப்படுகின்றன. பின்னர் எலும்புத் துகள்கள் இடப்படுகின்றன. அப்பகுதி எலும்புகள் சில மாதங்களில் ஒன்றாக இணைந்து உறுதியடைகின்றன. அந்தப் பகுதி அதன் பின் வளைந்து கொடுக்காது.

அறுவை பல மணி நேரம் நீடிக்கும். தண்டுவடத்தின் நரம்புச் செயல்பாடு மின் சமிக்ஞைகள் மூலம் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. சமிக்ஞை குறைந்தால் மருத்துவர்கள் உடனே திருத்தத்தைத் தளர்த்துவர். பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் எழுந்து நடக்கின்றனர். ஒரு வாரத்துக்குள் வீடு திரும்புகின்றனர். சில வாரங்களில் பள்ளிக்குச் செல்கின்றனர். மோதல் நிறைந்த விளையாட்டுகளுக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

ஆபத்துகளும் உண்டு. காரணம் அறியப்படாத வகை வளைவில் நரம்புப் பாதிப்பு சுமார் நூறில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. பிறவி வளைவிலும் மிகக் கடுமையான கூனிலும் இந்த ஆபத்து அதிகம். இரத்த இழப்பு, கிருமித் தொற்று, கம்பி உடைதல், மறு அறுவை ஆகியவற்றையும் பெற்றோர் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சிறு குழந்தைகளுக்குத் தனி வழி

10 வயதுக்கு முன் முதுகெலும்புகளை நிரந்தரமாக இணைத்துவிட்டால் மார்புக்கூட்டின் வளர்ச்சி தடைபட்டு நுரையீரல் சுருங்கிவிடும். எனவே குழந்தை வளர வளர நீட்டிக்கக்கூடிய கம்பிகள் பொருத்தப்படுகின்றன. வழக்கமான கம்பிகளை நீட்ட ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறு அறுவை தேவைப்படும். காந்த விசையால் வெளியிலிருந்தே நீட்டும் கம்பிகளும் உள்ளன. அவற்றின் விலை மிக அதிகம். கைக்குழந்தைப் பருவத்தில் தோன்றும் சில வளைவுகளை, தொடர்ச்சியான மாவுக்கட்டுகளாலேயே முழுமையாக நிமிர்த்த முடியும் என்பதை லண்டன் மருத்துவர் மின் மேத்தா நிறுவினார்.

காசநோய்க் கூன்: தமிழகத்தின் பங்களிப்பு

பாறைத் தூசியில் உழைத்தவர்களைத் தாக்கும் சிலிக்கோசிஸ் நோய், காசநோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிறது. வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் இருந்தால் குழந்தைக்கும் தொற்றக்கூடும். அது முதுகெலும்பைத் தாக்கினால் எலும்பு அரிக்கப்பட்டு, முதுகு கூர்மையாகப் புடைக்கும். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் இதைச் சிறப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதுகெலும்புக் காசநோய் உள்ளோரில் பெரும்பாலானவர்களை, அறுவையின்றி மருந்துகளாலேயே குணப்படுத்தலாம் என்பதை 1970களில் சென்னையில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. ஆயினும் நோய் குணமாவதும் கூன் நிற்பதும் ஒன்றல்ல. கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற குழந்தைகள் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். அவர்களில் 39 சதவீதத்தினருக்கு நோய் ஆறிய பின்னரும் வளர்ச்சியுடன் சேர்ந்து கூன் அதிகரித்தது. 44 சதவீதத்தினருக்கு அது குறைந்தது. யாருக்கு அதிகரிக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே எக்ஸ்ரே மூலம் முன்கணிக்க நான்கு அடையாளங்களை அவர் வரையறுத்தார். இவற்றில் பல ஒரே குழந்தையிடம் தென்பட்டால், கூன் முற்றுவதற்குள் அறுவை செய்வதே பாதுகாப்பானது. முற்றிய கூனை நிமிர்த்துவது பன்மடங்கு கடினமானதும் ஆபத்து மிகுந்ததும் ஆகும். எனவே மருந்து முடிந்த பின்னரும், வளர்ச்சி நிற்கும்வரை இக்குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை தேவை.

எங்கே செல்வது?

பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. அக்குழுவினர் வரும்போது முதுகையும் பார்க்கும்படி பெற்றோர் கேட்கலாம். ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைப் பாதுகாப்பு கிடைக்கிறது. இதைப் பெற அரசு மருத்துவமனையின் பரிந்துரை பொதுவாகத் தேவைப்படுவதால், நேராகத் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் முன் அரசு மருத்துவரை அணுகுவது நல்லது. கம்பி, திருகு ஆகியவற்றின் விலையும் திட்டத்தில் அடங்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். காசநோய் மருந்துகள் அரசு மையங்களில் இலவசம். ஊட்டச்சத்துக்கான மாத உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

வீட்டிலேயே செய்யும் சோதனை

10 வயது முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளையின் முதுகு தெரியும்படி நிற்கச் செய்து, கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளை இணைத்துக் குனியச் சொல்லவும். பின்னாலிருந்து பார்க்கும்போது விலாவின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட உயர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுமியருக்குப் பூப்பெய்துவதற்கு முந்தைய வேகமான வளர்ச்சிக் காலத்தில் இச்சோதனை மிக முக்கியம்.

விடாத முதுகுவலி, மாலைநேரக் காய்ச்சல், எடைக் குறைவு, நடையில் தடுமாற்றம், கால்களில் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. கால்கள் பலவீனமாவதும் சிறுநீர் அடைபடுவதும் தண்டுவடம் நசுங்குவதற்கான அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.