எஃபிக் மக்கள்

நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், கலபார் நகரையும் கிராஸ் ஆற்றின் கழிமுகத்தையும் ஒட்டி வாழ்பவர்கள் எஃபிக் மக்கள். மீன்பிடித்துப் பிழைத்த இவர்கள், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் இடைத்தரகு வணிகர்களாக உயர்ந்தனர். கரையில் கோட்டை கட்ட ஐரோப்பியருக்கு இடம் தரவில்லை. கப்பல்காரர்கள் அடிமைகளுக்காகத் துணி, இரும்பு, துப்பாக்கி ஆகியவற்றைக் கடனாகக் கொடுத்தார்கள். அடிமைகள் வந்து சேரும்வரை எஃபிக் வணிகர்கள் தங்கள் உறவினரையே கப்பலில் அடகு வைத்தார்கள்.

இந்தக் கடன் வணிகத்தைத் தாங்கி நின்றது எக்பே எனப்படும் சிறுத்தைச் சங்கம். பணம் கட்டிப் படிப்படியாக உயரும் ஆண்களின் அமைப்பு இது. நீதிமன்றமும் காவலும் அதுவே; கடனை வசூலித்ததும் அதுவே. மறைவறையிலிருந்து சிறுத்தையின் உறுமல் போன்ற ஒலி கேட்கும். உடலை ஒட்டிய வண்ண ஆடையும் நார்க் குஞ்சமும் அணிந்த முகமூடியர், இடுப்பு மணி ஒலிக்கத் தெருவில் வருவார். ந்சிபிடி என்னும் குறியெழுத்தின் பொருளைச் சங்கத்தார் ஆழமாக அறிவர். எஃபிக் வரலாற்றில் மன்னர்களைவிட எக்பேக்கே முதலிடம் தரவேண்டும்.

1767இல் எஃபிக் ஊர்களுக்கிடையே இருந்த பகையைப் பயன்படுத்திக்கொண்ட ஆங்கிலக் கப்பல் தலைவர்கள், சமரசம் பேசலாம் என்று அவற்றுள் ஒன்றான ஓல்டு டவுனின் மக்களை அழைத்தார்கள். வந்தவர்களில் பலர் கொல்லப்பட்டனர், பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பின்னர் ஆன்டெரா டியூக் என்ற எஃபிக் வணிகர் 1785 முதல் 1788 வரை கலப்பு ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். கலபாருக்கு எழுத்தைக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிகள் என்று சொல்வது இதனாலேயே பிழை.

அடிமை வணிகம் ஓய்ந்தபின் பாமாயில் வணிகம் அவ்விடத்தைப் பிடித்தது. 1846இல் ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் மிஷன் வந்தது. 1868இல் முழு பைபிளும் எஃபிக் மொழியில் வெளியானது. 1876இல் வந்த மிஷனரி மேரி ஸ்லெஸ்ஸர், கைவிடப்பட்ட இரட்டைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். ஆனால் பெரிய மனிதர்களின் சாவில் அடிமைகளைப் பலியிடும் வழக்கத்தை 1850இல் தடைசெய்தது எக்பே சட்டம்தான். மிஷனரிகள் வற்புறுத்தினார்கள், ஆணையிடும் அதிகாரம் சங்கத்திடமே இருந்தது. 1884இல் எஃபிக் தலைவர்கள் பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

கலபாரின் மரபுத் தலைவர் இன்றும் ஓபோங் எனப்படுகிறார். எடிகாங் இகோங் என்னும் கீரைக் குழம்பு நைஜீரியா முழுவதும் பரவிவிட்டது. எக்பேயோ கடலையும் கடந்தது: கலபார் வழியாக விற்கப்பட்டவர்களின் மரபைத் தொடர்ந்து, கியூபாவின் ரெக்லா நகரில் 1836இல் நிறுவப்பட்ட அபாகுவா சங்கம் இன்றளவும் இயங்கிவருகிறது.