ஓய்வா, அசைவா?

விளையாட்டுத் திடல் உள்ள இடத்திலெல்லாம் காயமும் உண்டு. கால் பிசகுதல், தசை கிழிதல், மூட்டு விலகுதல் ஆகியன விளையாட்டோடு உடன்பிறந்தவை. ஆயினும், காயமுற்ற உறுப்பை என்ன செய்வது என்னும் வினாவுக்கு மனிதன் தந்த விடை காலந்தோறும் மாறியே வந்துள்ளது. 'அசைக்காதே, படுத்திரு' என்றது ஒரு கொள்கை. 'அளவறிந்து அசை, எழுந்து நட' என்றது மற்றொரு கொள்கை. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த நெடிய வழக்கே இயன்முறை மருத்துவத்தின் வரலாறு எனலாம். பிசியோதெரபி என மருத்துவமனைகளில் வழங்கும் இத்துறையின் வளர்ச்சியை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், மாணவன் திடலில் விழும்போது முதலில் ஓடிச் சென்று அவனைத் தூக்குபவர் பெரும்பாலும் ஆசிரியரே.

இம்மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் ஓர் ஆசிரியரே. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த ஹெரோடிகஸ் என்பார் உடற்பயிற்சி கற்பித்தவர். நோய்க்குப் பயிற்சியும் உணவு முறையுமே மருந்து என்று கருதியவர். மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹிப்போகிரட்டீஸ் இவரிடம் பயின்றார் என்பது மரபு. பின்னர், கி.பி. 157இல் பெர்காமம் நகரில் கிளேடியேட்டர் என்னும் போர் விளையாட்டு வீரர்களுக்கு மருத்துவராக அமர்ந்தார் கேலன். வீரர்களின் காயங்களே அவருக்குப் பாடநூலாயின. சிறு பந்து கொண்டு ஆடும் பயிற்சியின் நன்மை குறித்துத் தனி நூலே எழுதினார் அவர்.

நெடுங்காலம் கழித்து, இக்கருத்துக்கு நிறுவன வடிவம் தந்தது சுவீடன். பேர் ஹென்ரிக் லிங் (1776–1839) கவிஞர், வாட்போர் ஆசான். தம் கையைப் பற்றிய நோய் வாட்பயிற்சியால் தணிந்ததைக் கண்டு அவர் இத்துறையில் ஆழ்ந்தார் என்பர். 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் அவர் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்தில் கல்வி, படை, மருத்துவம், அழகு என நான்கு நோக்குகளில் பயிற்சி வகுக்கப்பட்டது. மருத்துவப் பயிற்சி பெற்றோரை 1887இல் சுவீடன் அரசு முறையாகப் பதிவு செய்தது. பயிற்சிக் கூடத்தில் பிறந்த கலை அவ்வாறு மருத்துவத் தொழிலாயிற்று.

எனினும், ஐரோப்பிய மருத்துவ உலகம் முழுவதும் இதை ஏற்றுக்கொண்டு விடவில்லை. 1863இல் வெளிவந்த ஜான் ஹில்டனின் நூல் ஓய்வின் குணப்படுத்தும் ஆற்றலை வலியுறுத்தியது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் குடும்பத்தில் பிறந்து, லிவர்பூலில் மருத்துவம் செய்த ஹியூ ஓவன் தாமஸ், மூட்டு நோய்க்கு நீண்ட, இடையறாத ஓய்வே வழி என்றார். அவர் வகுத்த சிம்பு முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர் பலரின் உயிரைக் காத்தது. ஆதலின் ஓய்வுக் கொள்கையை வெறும் பிழை என்று தள்ளிவிட இயலாது. அதே காலத்தில் பிரான்சில் லூக்கா சாம்பியோனியேர் என்னும் அறுவை மருத்துவர், முறிந்த எலும்புக்கும் விரைவிலேயே மெல்லிய பிடித்துவிடுதலும் அசைவும் வேண்டும் என்று வாதிட்டார்.

இங்கிலாந்தில் 1894இல் நான்கு பெண்மணிகள் ஒரு சங்கம் கண்டனர். உடலைப் பிடித்துவிடும் தொழிலின் பெயரால் தகாத செயல்கள் நடந்து, தொழிலுக்கே இழுக்கு நேர்ந்த காலம் அது. தேர்வும் ஒழுக்க விதியும் வகுத்து அவர்கள் அத்தொழிலின் மானத்தைக் காத்தனர். 1920இல் அச்சங்கம் அரச பட்டயம் பெற்றது. 1928இல் செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கின்போது விளையாட்டு மருத்துவத்திற்கென அனைத்துலகச் சங்கம் தோன்றியது.

இரண்டாம் உலகப் போர் அடுத்த திருப்பத்தைக் கொணர்ந்தது. அமெரிக்கப் படை மருத்துவமனைகளில் முழங்கால் காயமுற்ற வீரர்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தனர். இளமையில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்து, பின் எடை தூக்கி உடல் தேற்றியவர் தாமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர். அவர் இவ்வீரர்களின் காலில் இரும்புக் காலணி பூட்டி எடை தூக்கச் செய்தார். மெலிந்த தசைக்குக் கடும் எடை ஆகாது என்று அஞ்சிய காலத்தில் இது துணிவான செயல். தசை பெருத்தது, வலிமை மீண்டது. 1945இல் அவர் இதனை வெளியிட்டார். ஒருவர் 10 முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, அதில் பாதி, முக்கால், முழுமை எனப் படிப்படியாக ஏற்றும் முறை 1948இல் வகுக்கப்பட்டது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதும் இதுவேயன்றோ!

முழங்காலின் உள்ளே உள்ள முன் சிலுவைத் தசைநார் அறுந்தால், அறுவைக்குப் பின் பல வாரம் மாவுக்கட்டில் காலை வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. கட்டு அவிழ்த்தபின் மூட்டு இறுகி, தொடை மெலிந்து நிற்கும். அமெரிக்க மருத்துவர் ஷெல்போர்ன் ஒரு வியப்பைக் கண்டார். சொல்லைக் கேளாமல் முன்னதாகவே காலை நீட்டி நடந்தவர்கள், சொன்னபடி நடந்தவர்களைவிட நன்கு தேறியிருந்தனர்! நோயாளிகளைக் குறை கூறாமல் தம் விதியையே மாற்றினார் அவர். 1990இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, முழங்கால் மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று.

சுளுக்குக்கு ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கும் பல பள்ளிகளில் மனப்பாடம். இந்நான்கையும் ஒரே சொல்லாகக் கோத்து 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். முதல் ஓரிரு நாள் காத்து, பின் வலியின் அளவறிந்து படிப்படியாகச் சுமை ஏற்றுவதே இன்று வலியுறுத்தப்படுகிறது.

இங்ஙனமாயின், அசைவு வென்றது, ஓய்வு தோற்றது என்று முடிவு கட்டலாமா? கூடாது. விரைந்து அசைதல் வேறு. விரைந்து போட்டிக்குத் திரும்புதல் வேறு. முன் சிலுவைத் தசைநார் சீரமைக்கப்பட்டோர் குறித்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, 9 மாதம் வரை திடலுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறு காயத்தைப் பாதியளவு குறைத்ததாகக் காட்டியது. வலி நீங்குவது முதற்படி. தசை வலுவும், மூட்டின் முழு அசைவும், ஒற்றைக் காலில் தாவி நிற்கும் நிதானமும் மீண்ட பின்னரே ஆறுதல் நிறைவுறும்.

ஆசிரியப் பெருமக்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. மாவட்டப் போட்டி நெருங்குகையில், நொண்டி நடக்கும் சிறந்த ஓட்டக்காரனைப் பார்த்து, 'ஒரே ஓட்டந்தானே, தாங்கிக்கொள்' என்று கூறும் குரலைத் திடல்களில் கேட்கிறோம். கிண்ணம் அலமாரியில் சில ஆண்டு மின்னும். அம்மாணவனுக்கோ அந்த முழங்காலோடு இன்னும் அறுபது ஆண்டு வாழ்தல் வேண்டும். மறுபுறம், ஒருமுறை விழுந்த பிள்ளையை இனி ஆடவே வேண்டா என்று மூலையில் அமர்த்துவதும் நன்றன்று. வீங்கிய மூட்டை அழுத்தி உருவாமல் மருத்துவரிடம் சேர்ப்பிப்பதும், தகுதி பெற்ற இயன்முறை மருத்துவர் விதித்த பயிற்சியை மாணவன் நாள்தோறும் செய்கின்றானா என்று கேட்பதும், அவன் திரும்பும் வரை அணியில் அவனுக்கு ஒரு பணி தந்து வைப்பதும் நம் கடமை. கற்பித்தலுக்கு உரிய பொறுமை ஆற்றுதலுக்கும் உரியது. ஹெரோடிகஸ் காலத்திலிருந்தே இக்கலை ஆசிரியரின் அருகில் வளர்ந்தது. இன்றும் அது நம் துணையை வேண்டி நிற்கின்றது.