கொல்கத்தா மருத்துவ மாணவர்களின் மன அழுத்தம்

மருத்துவ மாணவர்கள் மனம் உடைந்தால் பாடச்சுமையையும் தேர்வு பயத்தையும் காரணம் காட்டுவது வழக்கம். கொல்கத்தாவின் அண்மை வரலாறு அதைவிட அடிப்படையான குறைகளைக் காட்டுகிறது. 1835இல் தொடங்கிய கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில், 2018 ஜூலையில் மாணவர்கள் இரு வாரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். விடுதி அறைகளை நேர்மையாக ஒதுக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. மறு ஆண்டு ஜூன் 10 அன்று, நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில், இறந்துபோன நோயாளியின் தரப்பினர் தாக்கியதில் பயிற்சி மருத்துவர் ஒருவரின் மண்டையோடு உடைந்தது. அடுத்த அடி யாருக்கோ என்ற பயத்தோடு வார்டில் நிற்பவருக்கு, மனதைத் திடமாக வைத்துக்கொள் என்ற அறிவுரை எதற்கு உதவும்?

2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். முப்பத்தாறு மணிநேர டூட்டியில் இருந்த அவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சற்றுக் கண்ணயரச் சென்றது கருத்தரங்க அறைக்கு. வகுப்பு நடக்கும் அறைதான் படுக்க இடம். டூட்டி மருத்துவர்களுக்கு ஓய்வறை இல்லாததை உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. இக்கொலைக்கு நீதியும் பணியிடப் பாதுகாப்பும் கேட்டு, அக்டோபரில் நகரின் தர்மதலா பகுதியில் பயிற்சி மருத்துவர்கள் நடத்திய உண்ணாவிரதம் 17ஆம் நாள் முடிந்தது.

இது ஒரு நகரத்தின் துயரம் மட்டுமா? தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட நாடு தழுவிய இணையவழிக் கணக்கெடுப்பில், இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகத் தெரிவித்தனர். முதுநிலையில் 31.2 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. வாரப் பணி 74 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 1992இன் மத்திய உறைவிட மருத்துவர் திட்டமோ தொடர்ச்சியாக 12 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்றே வரையறுத்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த பரிந்துரை அதைவிடத் தாராளமாக இருப்பது வேதனை.

இந்தியாவில் உளப்பகுப்பாய்வுக்கு அடித்தளமிட்ட கிரீந்திரசேகர் போஸ் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். இத்தனை மரபு இருந்தும், தன் கல்லூரி மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டு உட்கார மாணவர் தயங்குகிறார். உள்ளே இருப்பவர் நாளை அவரைத் தேர்வில் கேள்வி கேட்கும் பேராசிரியர். கல்லூரிக்கு வெளியே, பெயர் சொல்லாமல் பேசக்கூடிய வழி ஒன்று உண்டு: 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.