இலியாக் சிரை அழுத்தம்

இடக்காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் வழி இடுப்புக்குழிக்குள் நெரிபடுவதே இலியாக் சிரை அழுத்தம். மே-தர்னர் நோய், காக்கெட் நோய் என்றும் இதைச் சொல்வர். ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடக்கால், வீங்குவது இதன் முதன்மை அடையாளம்.

காரணம்

அடிவயிற்றில், தொப்புளை ஒட்டிய மட்டத்தில், பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் இறங்கும் இலியாக் தமனி, இடப்பக்கத்திலிருந்து ஏறிவரும் இலியாக் சிரையைக் குறுக்கே கடக்கிறது. முன்னால் தமனி, பின்னால் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சுவருள்ள சிரை. தமனியின் ஓயாத துடிப்பால் சிரையின் உட்சுவர் தடித்து, உள்ளே நார்த் திசு வளர்கிறது. ஓட்டம் மந்தமாகும் இடத்தில் இரத்தம் உறையக்கூடும். கர்ப்பம், பிரசவம், கருத்தடை மாத்திரை, அறுவைச் சிகிச்சை, நெடுநாள் படுக்கை, நீர்வற்றிப்போதல் ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டும். 20 முதல் 50 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் இது மிகுதி.

வரலாறு

கால் சிரைகளில் இரத்தம் உறைவது இடப்பக்கமே அதிகம் என்பதை 1851-இல் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ கவனித்து, தமனியின் அழுத்தத்தைக் காரணமாகச் சொன்னார். 1908-இல் மக்மரிச் என்ற உடற்கூறியல் அறிஞர் இச்சிரைகளுக்குள் ஒட்டுகளும் தடைகளும் இருப்பதை விவரித்தார். 1957-இல் மே, தர்னர் என்ற இரு மருத்துவர்கள் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 விழுக்காட்டில் சிரைக்குள் இத்தகைய திசு முளைகளைக் கண்டனர். 1965-இல் லண்டனில் காக்கெட்டும் லீ தாமசும், உயிரோடிருக்கும் நோயாளிகளின் வீக்கத்தோடும் ஆறாத புண்ணோடும் இந்த அழுத்தத்தைத் தொடர்புபடுத்தினர். சவக்கிடங்கில் தெரிந்த உண்மை நோயாளியின் படுக்கைக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

புதுச்சேரிப் பின்னணி

ஏம்பலம், வில்லியனூர், பாகூர் பகுதிகளில் வீங்கிய காலைக் கண்டால் யானைக்கால் என்று எண்ணுவது இயல்பு. புதுச்சேரியில் அந்நோய் நெடுங்காலம் நிலவியது. 1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இங்கே நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தை நிறுவியது. பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை, யானைக்காலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவை ஒழிக்கும் பெருந்திட்டம் நகரில் நடந்தது. அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் யானைக்கால் புழுவால் வரும் வீக்கத்துக்கும் சிரை அடைப்பால் வரும் வீக்கத்துக்கும் மருந்து வேறு. கொசு குறைந்த பின்னும் ஒரு கால் திடீரென வீங்கினால், சிரையைப் பார்க்காமல் பெயர் சூட்டக் கூடாது.

அறிகுறி

யானைக்கால் நோயில் காய்ச்சலும் நெறிகட்டுதலும் விட்டுவிட்டு வந்து, ஆண்டுக்கணக்கில் தோல் தடிக்கும். சிரை அழுத்தத்தில் கால் கனக்கும். நடந்தால் வெடிப்பது போல வலிக்கும். சிரை சுருண்டு புடைக்கும். கணுக்காலருகே தோல் கறுத்துப் புண்ணாகலாம். இரத்தம் உறைந்துவிட்டால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ தொடை வரை வீங்கும். உறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வரும். அது உயிரைப் பறிக்கும் நிலை. உடனே அவசர சிகிச்சை தேவை.

கண்டறிதல்

முதற்சோதனை டாப்ளர் ஸ்கேன். தொடையிலுள்ள உறைகட்டியை அது காட்டும். குடல் காற்று மறைப்பதால் இடுப்புக்குழியின் ஆழத்தைத் தெளிவாகக் காட்டாமல் போகலாம். அங்கே சி.டி. அல்லது எம்.ஆர். சிரைப்படம் உதவும். சிரைக்குள்ளேயே நுண்கருவியைச் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் மிகத் துல்லியமானது. படத்தில் நெரிசல் தெரிந்ததாலேயே நோய் என்று முடிவு கட்டலாகாது. 2004-இல் வெளிவந்த ஆய்வில், கால் தொல்லை ஏதுமில்லாத 50 பேரில் 24 விழுக்காட்டினருக்குச் சிரை பாதிக்கு மேல் நெரிந்திருந்தது.

சிகிச்சை

தொல்லை இல்லையேல் சிகிச்சையும் வேண்டாம். மிதமான வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை, நடைப்பயிற்சி, காலை உயர்த்தி வைத்தல் போதும். நாளெல்லாம் நின்று நாற்று நடுபவர்கள் இடையிடையே காலுக்கு ஓய்வு தர வேண்டும். உறைகட்டி இருந்தால் ஹெப்பரின், வார்ஃபரின் அல்லது புதிய உறைவெதிர் மாத்திரைகள் தரப்படும். 1958-இல் உருகுவேயின் அறுவை மருத்துவர் பால்மா, மறுகாலின் சிரையை எடுத்து மாற்றுவழி அமைத்தார். 1990-களில் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வந்தது. பலூனால் மட்டும் விரித்தால் தமனி மீண்டும் அமுக்கிவிடும் என்பதால் ஸ்டென்ட் அவசியமாகிறது. சிரைக்கெனவே உருவாக்கிய ஸ்டென்டுக்கு அமெரிக்க அரசு 2019-இல்தான் அனுமதி தந்தது. உறைகட்டியைக் குழாய்வழியே கரைப்பது எல்லோருக்கும் அல்ல: 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரத்தக்கசிவு கூடியது, பிற்காலத் தொல்லை எண்ணிக்கையில் குறையவில்லை. ஆகவே வீக்கம் கடுமையாக உள்ளவர்களுக்கே இதைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

ஒரு கால் வீங்கியதும் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்குச் சென்று, டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேட்பது நோயாளியின் உரிமை. அந்தக் கேள்வி நாட்களைக் கடத்தாமல் எழுந்தால், பலருக்கு உயிரும் காலும் மிஞ்சும்.